எக்ஸ்ரே நார்மல், ஈ.சி.ஜி. நார்மல், ஆனாலும் அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. 12 வருடமாகச் சரவாங்கி என்கிற முடக்குவாதம் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்லில் 18 வருடம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் மெத்தோட்ரெக்சேட் 15 மில்லிகிராம், தினமும் காலையில் ஸ்டீராய்டு 5 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார். வலி தாங்காத நாளில் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்வார். ஐந்து மாதமாக வறட்டு இருமல். மாடியில் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் நின்றுவிடுகிறார். பக்கத்து டாக்டர் ஈ.சி.ஜி.யும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டும் நார்மல், வயதாகிறது, உடம்பும் போட்டிருக்கிறது என்றார். கொழுப்பு 148தான் இருக்கிறது. மெத்தோட்ரெக்சேட் நுரையீரலைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததைப் படித்துவிட்டு, மூன்று வாரமாக அம்மா அந்த மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது விரல்கள் மறுபடி வீங்கிவிட்டன. மூட்டு நோய் இதயம், நுரையீரல் வரைக்கும் போகுமா? மாத்திரைதான் காரணமா? ஃப்ளூ தடுப்பூசி போடலாமா?
– ஒரு மகள், திருப்பூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பாதிப் படிதான்.

சரவாங்கி உள்ளவர்களிடம் "மூச்சு வாங்குதாம்மா?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். மறைத்துச் சொல்வதில்லை. முழங்கால் வலிக்குப் பயந்து வேகமாக நடப்பதையே எப்போதோ விட்டிருப்பார்கள். கடைக்குப் பேரன் போகிறான், தண்ணீரை மருமகள் பிடித்து வைக்கிறாள். நடக்காதவருக்கு மூச்சு எப்படி வாங்கும்? நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்க, வெளியே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். உங்கள் வீட்டில் கொடி மாடியில் இருந்தது ஒரு வகையில் நல்லதாய்ப் போயிற்று.

அதனால் நான் கேள்வியை மாற்றிக் கேட்பேன். போன தீபாவளிக்குச் செய்த வேலைகளில் எதை இப்போது செய்வதில்லை? போனில் பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? கோயில் பிரகாரம் ஒரு சுற்று வர எத்தனை இடத்தில் உட்காருகிறீர்கள்? கடைசியாக ஒன்று: நின்றது காலுக்காகவா, மூச்சுக்காகவா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். "கால்வலின்னுதான் நெனச்சேன் டாக்டர்" என்று இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டாலே ஸ்டெதஸ்கோப்பை எடுத்து முதுகுப் பக்கம் போய்விடுவேன்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: போகும். சரவாங்கி மூட்டில் தெரிகிற நோய், அவ்வளவுதான். மூட்டோடு முடிகிற நோய் இல்லை. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி உடலையே எதிரியாக நினைத்துக்கொள்வதால் வருவது இது. மூட்டுச் சவ்வை வீங்க வைக்கும் அதே ரசாயனங்கள் ரத்தத்தோடு எங்கும் சுற்றி வருகின்றன. நுரையீரல், இதய உறை, ரத்தக் குழாயின் உட்சுவர், கண், நரம்பு என்று எதையும் தொடலாம். நுரையீரலைப் பொறுத்தவரை இன்னொரு சந்தேகமும் வலுவாக இருக்கிறது. புகையும் தூசியும் படுகிற மூச்சுக்குழாய்ச் சவ்வில்தான் சிலருக்கு இந்த நோயின் பொறியே விழுகிறது, மூட்டுக்கு அது பிறகுதான் வருகிறது என்று கருதுகிறோம். சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சரவாங்கி வரும் வாய்ப்பு அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்த விஷயம்.

அம்மா மில்லில் வேலை பார்த்ததை நீங்கள் எழுதியது நல்லது. டாக்டரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். 1953-இல் கேப்லன் என்ற மருத்துவர், வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் சரவாங்கி உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயில் வட்ட வட்டமான கட்டிகள் தெரிவதை எழுதினார். தூசியும் இந்த நோயும் நுரையீரலுக்குள் சந்தித்துக்கொள்ளும் என்பதற்கு அது பழைய சாட்சி. நமக்கு நெருக்கமான சான்று மலேசியாவிலிருந்து வந்தது. நெசவு, பஞ்சுத் தூசியில் வேலை பார்த்த பெண்களுக்குச் சரவாங்கி வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருந்ததாக அங்கே நடந்த ஆய்வு சொல்கிறது. அம்மாவுக்கு மில்லால்தான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 18 வருடம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்த நுரையீரலை, அதைச் சுவாசிக்காத நுரையீரலைப் பார்ப்பதுபோலப் பார்க்கக் கூடாது. வார விடுமுறை முடிந்து மில்லுக்குப் போன முதல் நாள் மட்டும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் அம்மாவுக்கு அந்தக் காலத்தில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சாலைத் தூசி நோயின் பழைய அடையாளம் அது.

நுரையீரலில் இந்த நோய் செய்யும் வேலைகள் பல. நுரையீரலைச் சுற்றி நீர் கோர்க்கலாம், கட்டிகள் வரலாம், மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கலாம். எனக்கு அதிகக் கவலை தருவது நுரையீரல் தழும்பு நோய். காற்றுப் பைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய சுவர் வீங்கி, பிறகு தடித்து, கடைசியில் காய்ப்புக் காய்த்ததுபோல ஆகிவிடும். சரவாங்கி உள்ள நூறு பேரில் சுமார் பத்துப் பேருக்கு இது தொந்தரவு தரும் அளவுக்கு வருகிறது. அறிகுறியே இல்லாத இன்னும் சிலருக்கும் சி.டி. எடுத்தால் மாற்றம் தெரிவதுண்டு. வறட்டு இருமலும், படியேறும்போது மட்டும் வரும் இளைப்பும் இதன் தொடக்கம். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதஸ்கோப் வைத்து, ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னால் ஒரு ஒலி கேட்கும். பி.பி. பார்த்து முடித்ததும் கையில் சுற்றிய பட்டையைப் பிரிப்பார்களே, அந்தச் 'சர்ர்' ஒலிதான் அது. பல நேரங்களில் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாதபோதும் அந்த ஒலி கேட்டுவிடும்.

ஆகவே எக்ஸ்ரே நார்மல் என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தொடக்க நிலைத் தழும்பு எக்ஸ்ரேக்கு அகப்படாது. இந்த வியாதியைத் தேட எக்ஸ்ரேயை நம்பக் கூடாது, உயர் துல்லிய சி.டி.யும் ஊதிப் பார்க்கும் சோதனையும்தான் வேண்டும் என்று அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்கள் அமைப்பு 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. அந்த சி.டி.க்கு நரம்பில் மருந்து ஏற்றத் தேவையில்லை. நடுவில் ஒருமுறை குப்புறப் படுக்கச் சொல்லலாம், அம்மா பயப்பட வேண்டாம். மல்லாந்து படுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி தன் எடையாலேயே அமுங்கி, தழும்பு மாதிரிக் காட்டும். அதைப் பிரித்தறியத்தான் திருப்பிப் போடுகிறார்கள். ஊதும் சோதனையில், நுரையீரல் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறது என்பதோடு, உள்ளே போன வாயு ரத்தத்துக்குள் எவ்வளவு கடக்கிறது என்றும் அளக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது அளவு எல்லா ஊரிலும் செய்யப்படுவதில்லை. உங்களுக்குக் கோவை பக்கம்தானே, போய் வாருங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் கிடந்தால் எடுங்கள். அம்மா உட்கார்ந்திருக்கும்போது ஒருமுறை பாருங்கள், மாடிப்படி ஏறி நின்றதும் ஒருமுறை. உட்கார்ந்திருக்கையில் 97, ஏறியதும் 92 என்று இறங்கினால் அது செய்தி. விரல் வளைந்தோ சில்லிட்டோ இருந்தால் கருவி தப்பான எண் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். எண் இறங்கவில்லை என்பதற்காக சி.டி.யைத் தள்ளிப்போட வேண்டாம்.

இப்போது மாத்திரை விஷயம். வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய் இல்லை, அதுதான் சிக்கல். மெத்தோட்ரெக்சேட்டால் நுரையீரல் அழற்சி வருவதுண்டு. ஆனால் அது அபூர்வம். வந்தால் பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் வருடத்துக்குள் வரும். காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல் எல்லாம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ சேர்ந்து தாக்கும். பல வருடமாகச் சாப்பிட்டு வந்தவருக்கு, ஐந்து மாதமாக மெல்ல மெல்லக் கூடுகிற இருமலுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. மெதுவாக வரும் தழும்பு நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் காரணம் என்ற பழைய எண்ணமும் இப்போது ஆட்டம் கண்டுவிட்டது. 2021-இல் பல நாட்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வில், அந்த மருந்தை எடுத்தவர்களுக்குத் தழும்பு நோய் குறைவாக, அதுவும் தாமதமாக வந்திருந்தது. இத்தனை வருடமாக அம்மாவின் நோயைக் கட்டி வைத்திருந்த மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை.

அதற்காக அம்மாவைத் திட்டவும் மாட்டேன். காரணம் தெரியாத புதிய இருமலும் இளைப்பும் வந்தால், பரிசோதனை முடியும்வரை மெத்தோட்ரெக்சேட்டை நானே நிறுத்தி வைப்பதுண்டு. தப்பு எங்கே என்றால், யாரிடமும் சொல்லாமல் மூன்று வாரம் ஓட்டியதில்தான். இந்த வாரமே மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்குவதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பது சோதனை முடிவைப் பார்த்து அவர் சொல்லட்டும். நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். வேகத்தில் ஸ்டீராய்டையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்கில் எடுத்ததைச் சட்டென்று விட்டால், உடல் தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழ நேரிடும்.

ஐந்து மாத இருமலில் இன்னொன்றைப் பார்க்காமல் விடவே கூடாது. நம் ஊரில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளிப் பரிசோதனை என்பது விதி. ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காசநோய் சத்தமில்லாமல் வரும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. சரவாங்கிக் கட்டியைக் காசநோய் என்று நினைத்து, சோதனையில் கிருமி தெரியாமலே ஆறு மாத மருந்தை விழுங்கி முடித்துவிட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கண் இருக்க வேண்டும்.

இனி இதயம். இங்கே நோயாளிகள் மட்டுமில்லை, டாக்டர்களும் ஏமாறுகிறார்கள். சரவாங்கி உள்ளவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, அதே வயது, அதே உடல்வாகு உள்ள மற்றவரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் வைத்து மாரடைப்பு வாய்ப்புக்குப் போடும் கணக்கின் விடையை, சரவாங்கி இருந்தால் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று யூலார் எனப்படும் ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பு பரிந்துரைக்கிறது. ஓயாத வீக்கம் ரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அங்கே படிந்த கொழுப்புத் திட்டு எளிதில் வெடிக்கிறது. அமெரிக்காவின் ஆல்ம்ஸ்டெட் மாவட்ட மக்களை மேயோ கிளினிக் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்ட முடிவில், இவர்களுக்கு நெஞ்சுவலி என்று சொல்லாமலே வந்துபோன மாரடைப்புகள் அதிகமாக இருந்தன. தினமும் ஏதோ ஒரு வலியோடு வாழ்பவர் இன்னொரு வலியைத் தனியாக எண்ணுவாரா? தோளில் வலித்தால் வாதம் என்பார், நெஞ்சு கரித்தால் வாயு என்பார். அதற்கும் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொள்வார்.

கொழுப்பு 148தான் என்று எழுதியிருந்தீர்கள். சரவாங்கி கொதித்துக்கொண்டிருக்கும்போது கொழுப்பின் அளவு இறங்கிக் காட்டும், ஆபத்தோ ஏறியிருக்கும். நல்ல மருந்து கொடுத்து வீக்கம் அடங்கியதும் கொழுப்பு சற்று ஏறும். அதைப் பார்த்து "மருந்து கொழுப்பைக் கூட்டிடுச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். அந்தச் சோதனையை நோய் அடங்கியிருக்கும் காலத்தில் எடுத்தால்தான் நம்பலாம். விரல் வீங்கியிருக்கும் இப்போது எடுத்த 148-ஐ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. நார்மல் என்றால், அந்த நிமிடத்தில் இதயத்தின் மின்னோட்டம் சரியாக இருந்தது என்றுதான் அர்த்தம். படியேறும்போது என்ன ஆகிறது என்று அது சொல்லாது. எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் எடுக்க வேண்டும். இதயம் பம்ப் செய்யும் திறன், இதய உறையில் நீர் இருக்கிறதா, நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் ஏறியிருக்கிறதா, இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். மூன்றாவது முக்கியம், நுரையீரல் கெட்டால் இதயத்தின் வலப்பக்கம்தான் அதைச் சுமக்கிறது. கூடவே ஹீமோகுளோபின். சரவாங்கியே ரத்தசோகையைத் தரும். வலி மாத்திரையால் குடலில் சொட்டுச் சொட்டாக ரத்தம் போனாலும் குறையும். ஹீமோகுளோபின் 8-க்கு வந்துவிட்டால், நுரையீரலும் இதயமும் நன்றாக இருந்தாலும் பாதிப் படியில் நிற்க வேண்டியதுதான். மலம் தார்போல் கறுத்துப் போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள், கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருந்திருப்பார்.

அந்த டைக்ளோஃபெனாக்கை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லி நான் பிடிவாதமாக இருப்பது இந்த ஒன்றில்தான். மெத்தோட்ரெக்சேட்டுக்கு அவ்வளவு பயந்தவர்கள், மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுகிற, உடம்பில் நீரைத் தேக்குகிற, வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்குகிற மாத்திரையை மிட்டாய்போல வாங்கிப் போடுகிறார்கள். இதே வலி மாத்திரை வகையைச் சேர்ந்த ரோஃபெகாக்ஸிப் 2004-இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது, காரணம் மாரடைப்புதான். அம்மா மெடிக்கலில் வாங்குவது பேப்பர் கவரில் கட்டித் தரும் 'வலி செட்' என்றால், ஒவ்வொரு மாத்திரையும் என்ன என்று பாருங்கள். அதில் இன்னொரு ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும் வாய்ப்பு உண்டு. உடம்பு போட்டிருப்பதற்குக்கூட அது காரணமாக இருக்கலாம். அப்படி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சொல்லும் விதத்தில்தான் குறைக்க வேண்டும். வலி அதிகமானால் பாராசிட்டமால் போதும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில்.

தழும்பு நோய் என்று தெரிந்தால் என்ன செய்வார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். போன தலைமுறைக்கு ஸ்டீராய்டைக் கூட்டுவதைத் தவிர அதிக வழி இருக்கவில்லை. இப்போது மைகோஃபினோலேட், ரிட்டுக்சிமாப், அபடாசெப்ட் என்று மருந்துகள் இருக்கின்றன. ரிட்டுக்சிமாப் இந்தியாவிலேயே தயாராகிறது. தழும்பு பரவிக்கொண்டே போனால், அந்த வேகத்தைக் குறைக்க நின்டெடானிப் உண்டு. அது வயிற்றுப்போக்கைத் தரும், பொறுத்துக்கொள்ளப் பழக்கித்தான் கொடுப்போம். விழுந்த தழும்பை எந்த மருந்தும் அழிக்காது, புதிது விழாமல் தடுக்கலாம். சீக்கிரம் போங்கள் என்று நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான். இதய பம்ப் பலவீனம் தெரிந்தால் டி.என்.எஃப். என்ற வீக்க ரசாயனத்தைத் தடுக்கும் சரவாங்கி ஊசி வகையைத் தவிர்ப்பார்கள். வயதும் இதய ஆபத்தும் உள்ளவர்களுக்கு சரவாங்கிக்கான டோஃபாசிட்டினிப் போன்ற மாத்திரைகளையும் யோசித்துத்தான் எழுதுவார்கள்; 2022-இல் வந்த பெரிய ஆய்வுக்குப் பிறகு நாங்கள் எல்லோருமே எச்சரிக்கையாகிவிட்டோம். ஆகவே எக்கோ முடிவு மூட்டு மருந்தையும் தீர்மானிக்கும். சி.டி.யும் எக்கோவும் ஒரே டாக்டரின் மேஜைக்கு வர வேண்டும்.

குரல் கம்மிப்போயிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். குரல்வளையிலும் சின்னஞ்சிறு மூட்டுகள் உண்டு, சரவாங்கி அவற்றையும் விடாது. குரல் கம்மலோடு மூச்சை உள்ளிழுக்கும்போது சத்தம் வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் உடனே போங்கள். உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சில் பாரத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். வாயு மாத்திரை கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

ஃப்ளூ தடுப்பூசி தாராளமாகப் போடலாம், வருடா வருடம் போட வேண்டும். நிமோனியா தடுப்பூசியையும் கேட்டு வாங்குங்கள். இவர்களுக்கு நுரையீரல் தொற்று வந்தால் எளிதில் விடாது. மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு, நோய் அடங்கியிருந்தால், ஃப்ளூ ஊசி போட்ட பிறகு இரண்டு வாரம் அந்த மாத்திரையை நிறுத்தி வைப்போம். ஊசி நன்றாகப் பிடிக்கும். அம்மா இப்போது எப்படியும் நிறுத்தியிருக்கிறார். காய்ச்சல் இல்லையென்றால், டாக்டரைப் பார்க்கும் அன்றைக்கே ஊசியையும் போட்டுக்கொண்டு வந்துவிடலாமா என்று கேளுங்கள். கையில் போடும் ஊசிதான் வேண்டும் என்று சொல்லுங்கள். மூக்கில் அடிக்கும் வகையில் உயிருள்ள கிருமி இருப்பதால் அது அம்மாவுக்கு ஆகாது.